ஈல் ஓ எக்ரெத் தீவில் களை பிடுங்குகிறவர்களுக்கு

மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையில் வேலை செய்யும் உங்கள் எல்லோருக்கும், முக்கியமாக ஈல் ஓ எக்ரெத் தீவில் களை பிடுங்குகிறவர்களுக்கும் நாற்றங்கால் பார்க்கிறவர்களுக்கும் படகு ஓட்டுகிறவருக்கும்,

வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் கருமாதிக்கு நீங்கள் ஆறு பேர் வந்திருந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டீர்கள். வாழையிலையில் ஏழு கறி போட்டபோது எங்கள் சொந்தக்காரர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். கிளம்பும்போது உங்களில் ஒருவர், எண்ணெய்த் துணியில் சுற்றிய அப்பாவின் அரத்தை என் கையில் வைத்தார். அன்றைக்கு எனக்கு வாய் திறக்கவில்லை. பிறகு கிரியோலில் போனில் நன்றி சொன்னேன், அது போதவில்லை. மொரீசியஸில் தமிழ் படிக்கிறவர்களுக்கும், வேறு நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கும் நீங்கள் யாரென்று தெரிய வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். உங்களில் தமிழ் தெரிந்த இருவர் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

அப்பா காட்டுக் கூலியாக இருந்தவர். 1970களில் பிளேன் ஷாம்பாஞ் பக்கத்து மேட்டு நிலத்தில் நாட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் பைன் நட்டார்கள். அந்தக் கோடரிகளில் ஒன்று அவருடையது. வாரச் சம்பளம், ஐந்து பிள்ளைகள். வேறு வேலைக்கு அவர் எங்கே போவார்? ஆனால் அவர் அதை மறக்கவில்லை. நாத், தம்பலகோக், கோலோஃபான், கருங்காலி என்று மரப்பெயர்களைச் சாமி பெயர் சொல்வதுபோல் சொல்வார். சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்.

2017இல் என் வகுப்புப் பிள்ளைகளை உங்கள் தீவுக்குக் கூட்டிவந்தபோது, பேத்தியும் வகுப்பில் இருக்கிறாளே என்று அவரும் படகில் ஏறிக்கொண்டார். புவான்ட் ஜெரோமிலிருந்து கரை தெரியும் தூரம்தான். வழிகாட்டி ஒரு கருங்காலி மரத்தடியில் நின்று, டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து இதை எப்படியெல்லாம் வெட்டி ஏற்றினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மரப்பட்டையில் கைவைத்து, "நானும் வெட்டியிருக்கிறேன்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு உடம்பு கூசிப்போனது. பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள்.

வழிகாட்டி முகம் மாறவில்லை. "வெட்டும்போது உள்ளே எப்படி இருக்கும், தோந்தோன்?" என்று, கிரியோலில் மாமா என்று கூப்பிடுவதுபோல் கேட்டார். வெளிப்பக்கம் வெளுப்பாக இருக்கும், நடுவயிரம்தான் கறுப்பு, கோடரி பட்டால் கல்லில் பட்டதுபோல் கை அதிரும் என்று அப்பா சொன்னார். எந்த மரம் எந்தச் சரிவில் நின்றது, எதற்கு எந்த மாதம் பழம் என்றெல்லாம் வழிகாட்டி கேட்கக் கேட்க இவர் சொல்லிக்கொண்டே போனார். நாற்பது ஆண்டாக யாரும் அவரிடம் கேட்காத கேள்விகள். என் முதல் நன்றி அந்த அரைமணி நேரத்துக்கு. வெட்டியவன் என்று அவரை ஒதுக்காமல், காட்டைத் தெரிந்தவர் என்று பக்கத்தில் உட்காரவைத்தீர்கள்.

அடுத்த மாதம் நாற்று நட வாருங்கள் என்று அழைத்தீர்கள். அவர் வந்தார், நடவில்லை. எவ்வளவு சொல்லியும் நாற்றைக் கையில் வாங்கவே இல்லை. அந்தப் பக்கம் களையாக முளைத்த சவுண்டல் கன்றுகளை வெட்டிக்கொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தீவு முழுக்கப் பவளச் சுண்ணாம்புப் பாறை. அரையடி மண்கூட இல்லாத இடத்தில் தூரோடு வெட்டினால் கத்தி பாறையில்தான் போய் இறங்கும். காலையில் தீட்டிய சாப், அதாவது வெட்டுக்கத்தி, பத்து மணிக்கே மொட்டை. அப்பா ஒரு கத்தியை வாங்கி விரலால் வாயைத் தடவிப் பார்த்தார். மறுமுறை வந்தபோது சட்டைப்பையில் அவருடைய பழைய அரம் இருந்தது.

அதிலிருந்து மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை அவருக்கு அந்த வேலைதான். மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, கத்தியைத் தொடைமேல் கிடத்தி, அரத்தைத் தன் பக்கமிருந்து வெளியே ஒரே சீராகத் தள்ளுவார். திரும்ப இழுக்கும்போது உரசாமல் தூக்கிக்கொள்வார். இழுக்கையில் தேய்த்தால் அரத்தின் பல்தான் போகும் என்று உங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். தைப்பூச விரத நாட்களில் அவர் வரும்போது, அவர் எதிரில் நீங்கள் கறி மீன் வைத்துச் சாப்பிடாமல் இருந்ததை அவரே என்னிடம் சொன்னார். மற்ற நாட்களில் காத்தோ பிமா வாங்கி வைத்திருப்பீர்களாம். அது நம் பருப்பு வடைதானே, ஆனால் இவர்கள் கொடுத்தால் ருசி வேறு என்பார்.

படிக்கிறவர்களுக்கு இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த அறக்கட்டளை தொடங்கியது 1984இல். ஈல் ஓ எக்ரெத் 26 ஹெக்டேர் தீவு. ஒரு காலத்தில் மொரீசியஸ் கரையோரம் நெடுக இருந்த கருங்காலிக் காட்டின் மிச்சம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது. 1965இல் அது காப்பிடமாக அறிவிக்கப்பட்டாலும், அறக்கட்டளை குத்தகைக்கு எடுத்துக் கையால் திருத்தத் தொடங்கியது 1980களில்தான். வெளியூர்ப் பத்திரிகைகளில் பறவைப் படம் வரும். வர வேண்டியதுதான்: 1974இல் நாலே நாலு என்று எண்ணப்பட்ட மொரீசியஸ் வல்லூறும், 1990வாக்கில் காட்டில் பத்துக்கு மேல் இல்லாத இளஞ்சிவப்புப் புறாவும் இன்று நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. ஆனால் அந்தப் புறா உட்கார ஒரு மரம் வேண்டுமே! மேட்டுக் காட்டில் சீனக் கொய்யாவும் தீவில் சவுண்டலும் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. நாம் பிள்ளைகளோடு போய்க் கூடை கூடையாகப் பறித்து உப்பு மிளகாய் தொட்டுத் தின்னும் கொய்யாதான் நாட்டு மரக்கன்றை மூச்சுவிடாமல் அமுக்குகிறது. கொண்டே என்று இங்கே சொல்லும் சின்னான் குருவி பழத்தைத் தின்று வேறெங்கோ விதை போட்டுவிட்டுப் போகிறது. இன்று சுத்தம் செய்த இடத்தை அடுத்த ஆண்டு திரும்பவும் குனிந்து பிடுங்க வேண்டும். அந்த முதுகு வலி எந்தப் படத்திலும் வருவதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

2020 ஜூலை 25 அன்று உங்கள் தீவுக்குப் பக்கத்திலுள்ள புவான்ட் தெஸ்னி பவளத்திட்டில் சரக்குக் கப்பல் ஏறியதும், ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசியத் தொடங்கியதும் நம் எல்லோருக்கும் தெரிந்த துக்கம். மஹேபூர் கரையில் கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்து மிதவை தைத்தபோது அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து திணித்தார். அவர் கேட்டதெல்லாம், தீவில் ஆமைகள் எப்படி, நாற்றுகள் எப்படி என்பதுதான். நாற்றங்காலிலிருந்து கன்றுகளைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்த உங்களை நான் துறையில் பார்த்தேன். முழங்கை வரை கறுப்பு. ஒருவர் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இலையில் எண்ணெய் படாமல் இருக்கத் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி இறங்கி வந்தார். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நான் கண்டதை இன்று எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

தீவு அதன் பிறகு வெகுநாள் மூடிக் கிடந்தது. அப்பா செவ்வாய்தோறும் வாசலில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கத்திகளையே தீட்டித் தீட்டி மெல்லிசாக்கினார். மறுபடி வரலாம் என்று நீங்கள் ஆள் அனுப்பிய அன்று சாயங்காலமே சட்டையை எடுத்துத் தேய்க்கச் சொன்னார்.

கடைசி வருடம் கண் மங்கிவிட்டது. அப்போதும் படகில் கைபிடித்து ஏற்றி இறக்கினீர்கள். உங்களில் ஒரு பெண் அவரை ஆமைகள் மேயும் பக்கம் கூட்டிப்போய், ஆமை தின்று போட்ட கருங்காலி விதை முளைத்திருப்பதைத் தொடவைத்தாளாம். நம் தீவின் சொந்த ஆமைகள் எப்போதோ அழிந்துபோனதால், அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளை 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே விட்டு வளர்க்கிறார்கள். விதையை விழுங்கிப் பரப்பும் வேலை இப்போது அவைகளுடையது. அன்று வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடும்போது சொன்னார்: "யாரும் நடாமலே ரெண்டு இலை விட்டிருக்குது, பாப்பா." அதைத் தவிர அன்றிரவு வேறெதுவும் பேசவில்லை.

அம்மா போன பிறகு அவரை எப்படித் தேற்றுவது என்று எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. பெற்ற பிள்ளைகளால் முடியாததை நீங்கள் செய்தீர்கள். காலையில் எழுந்திருக்க அவருக்கு ஒரு வேலை கொடுத்தீர்கள். போலி வேலை இல்லை, உங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்ட வேலை. அதற்காக எங்கள் குடும்பம் ஐந்து வீட்டின் சார்பிலும் கைகூப்புகிறேன்.

அரத்தை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய? உங்களுக்கே திருப்பித் தருகிறேன். பல் இன்னும் நன்றாக இருக்கிறது. கைப்பிடி ஆடியது, அவர் வேட்டியிலிருந்து ஒரு கிழிசல் எடுத்து இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். வரும் செவ்வாய் காலை எட்டு மணிக்கு முன்னால் புவான்ட் ஜெரோமில் படகுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
தோந்தோனின் மூத்த மகள்,
தமிழாசிரியை, மஹேபூர்