கட்டு இல்லாத கோர்ட்டு

டென் ஹாக் (தி ஹேக்), நெதர்லாந்து,
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "கூண்டுல நிக்கவன் பக்கமாம்மா நீ?" நான் ஆமாம் என்றதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். 'என் மக மனித உரிமை வக்கீல்' என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இனி என்ன சொல்வது என்று அவளுக்கும் கவலை. போனில் எனக்கு இதெல்லாம் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மழையைவிடக் காற்றுதான் படுத்துகிறது. சைக்கிளை எந்தப் பக்கம் திருப்பினாலும் எதிர்க்காற்று. மதியம் எல்லோரும் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்து, ஆறிப்போனதையே தின்கிறார்கள். தென் அமெரிக்காவின் சூரிநாமுக்கு 1873 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வம்சத்தார் இந்த ஊரில் நிறைய. அவர்கள் கடையில் கிடைக்கும் ரொட்டியும் கோழிக்குழம்பும்தான் என்னைக் காப்பாற்றுகிறது. புளி மட்டும் அம்மா அனுப்பியதுதான்.

கோர்ட்டு கடலோர மணல்மேடுகளை ஒட்டி இருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் என்று பெயர் பெரிது. உள்ளே போனால் வக்கீல் குமாஸ்தாவான உங்களுக்குக் கை ஓடாது, ஏனென்றால் வழக்குக் கட்டு என்று ஒன்றே கிடையாது! எல்லா ஆவணமும் கணினித் திரையில். டவாலி இல்லை, வராந்தாவில் வாய்தா வாங்க நிற்கும் கூட்டமும் இல்லை. கருப்பு கவுன், கழுத்தில் வெள்ளைப் பட்டை நம் ஊர் மாதிரியே. நீதிபதிகளுக்கு மட்டும் நீலம். பார்வையாளர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கிறார்கள். ரகசிய சாட்சி வந்தால் திரையை இறக்கிவிடுவார்கள். சாட்சிக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

இங்கே எனக்குப் பெரிய பாடு பேச்சின் வேகம். நான் சொல்வதைப் பிரெஞ்சிலும் சாட்சியின் மொழியிலும் உடனுக்குடன் பெயர்க்கிறார்கள். அதனால் சாட்சி பதில் சொல்லி முடித்ததும் ஐந்து வினாடி காத்திருந்துதான் அடுத்த கேள்வி. குறுக்கு விசாரணையில் சாட்சி தடுமாறும்போது ஐந்து வினாடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் வக்கீலய்யாவைக் கேட்டால் சொல்லியிருப்பார்.

நீங்கள் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கித்தான் என்னை லண்டனுக்கு அனுப்பினீர்கள். பாரிஸ்டர் ஆக 'இன்' என்ற வக்கீல் சங்கம் ஒன்றில் சேர்ந்து, நீளமான மேசையில் எல்லோரோடும் உட்கார்ந்து விருந்து சாப்பிட வேண்டும் என்று சொன்னபோது சிரித்தீர்கள். விருந்து சாப்பிட்டேன், பட்டமும் வாங்கினேன். அப்புறம் ஒரு சீனியரிடம் ஒரு வருஷம் பயிற்சி எடுக்க இடம் கிடைக்க வேண்டுமே! சேம்பர் என்கிற வக்கீல் அலுவலகங்கள் பதினேழுக்கு எழுதிப் போட்டேன். பதினாறு பேர் மறுத்தார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. மறு வருஷம்தான் கதவு திறந்தது. அந்த ஒரு வருஷத்தை நான் உங்களுக்கு வேறு மாதிரி சொல்லியிருந்தேன், மன்னித்துவிடுங்கள்.

இந்தக் கோர்ட்டில் முதன்மை வக்கீலாக நிற்கப் பத்து வருஷ அனுபவம் வேண்டும், அப்போதுதான் பட்டியலில் பெயர் ஏறும். போன மாதம் என் பெயர் ஏறியது. ஏறிவிட்டால் சம்பளம் வரும் என்று அம்மா நினைக்கிறாள். கட்சிக்காரர் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வக்காலத்து மாதிரிதான். அவர் ஏழை என்றால் கோர்ட்டே பணம் தருகிறது. வழக்கு முடிந்தால் அதுவும் நின்றுவிடும். பென்ஷன் கிடையாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் கட்சிக்காரரைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. எல்லோருக்கும் தெரிந்த வேறு வழக்கைச் சொல்கிறேன். உகாண்டாவில் டொமினிக் ஓங்வென் என்று ஒரு கிளர்ச்சிப் படைத் தளபதி. 2021இல் 61 குற்றங்களில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு. கொலை, சித்திரவதை, பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்தது. படிக்கவே முடியாது. ஆனால் அவரையும் சின்னப் பையனாகப் பள்ளிக்கூடம் போகும் வழியில் அதே படைதான் தூக்கிக்கொண்டு போனது. அதை அவருடைய வக்கீல்கள் விடாமல் சொன்னார்கள். குற்றம் போகவில்லை, போகவும் கூடாது. ஆயுள் தண்டனை தராமல் 25 வருஷம் கொடுத்தபோது நீதிபதிகள் அந்தப் பையனையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அவனைப் பற்றிப் பேச ஆள் இருந்ததால்தானே?

நவி பிள்ளையைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பஸ் டிரைவர் மகள், நம் வம்சம். வெள்ளையர் அலுவலகம் எதுவும் வேலை தராததால் 1967இல் தானே அலுவலகம் திறந்தவர். ராபன் தீவில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமைக்காக 1973இல் வழக்காடி வென்றார். பிறகு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் நீதிபதி. அகயேசு என்ற மேயர் மீதான வழக்கில், இனப்படுகொலையின் ஒரு வழியாகவும் பாலியல் வன்முறை நடக்கலாம் என்று 1998இல் தீர்ப்பளித்த அமர்வில் அவரும் ஒருவர். முதல் குற்றப்பத்திரிகையில் அந்தக் குற்றச்சாட்டே இல்லை. பெண்கள் கூண்டேறிச் சொன்ன பிறகுதான் சேர்த்தார்கள். அகயேசுவுக்கும் வக்கீல்கள் இருந்தார்கள் அப்பா. அவர்கள் குறுக்கு விசாரணை செய்த பிறகும் அந்தப் பெண்கள் சொன்னது நின்றது.

ராத்திரி தூக்கம் வராத நாளும் உண்டு, மறைக்கவில்லை. கட்சிக்காரரைப் பார்க்க ஸ்கெவெனிங்கன் சிறைக்குப் போவேன். ஜெர்மன்காரர்கள் ஆண்ட காலத்தில் டச்சுப் போராளிகளை அடைத்த வளாகம் அது. சாவுக்குக் காத்திருந்தவர்களின் அறை ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே போகும்போது வயிற்றைப் பிசையும். எதிரே உட்கார்ந்திருப்பவர் என் பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்பார். என்ன பதில் சொல்ல?

எனக்கு எட்டு வயதிருக்கும்போது வக்கீலய்யா அந்த இரட்டைக் கொலை வழக்கைக் கூண்டில் நின்றவன் பக்கம் எடுத்தார். டீக்கடையில் உங்களுக்குக் கிளாஸ் கொடுக்க மறுத்தார்கள். நீங்கள் மறுநாளும் கட்டைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்குப் போனீர்கள். ஏன் போனீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. டிசம்பரில் கோர்ட்டு மூன்று வாரம் மூடியிருக்கும், அப்போது வருகிறேன். உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

பரணில் கட்டு கட்டும் சிவப்பு நாடா மிச்சம் இருந்தால் எடுத்து வையுங்கள். ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம், தம்பியை ஏறச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்