பச்சை விழுந்துதான் வண்டி போனது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். கொஞ்ச நாளாக உன்னிடமிருந்து 'சரிப்பா' தவிர வேறு பதிலே இல்லை. உன்கூட வேலை பார்க்கிற பையனின் அப்பா மார்க்கெட்டில் என்னவோ சொன்னார். நான் அதைக் கேட்கப் போவதில்லை. தூங்குகிறாயா?

2023 ஜூன் 2, ஒடிசாவில் பஹனகா பஜார் ஸ்டேஷனில் நடந்த ரயில் விபத்து. எடுத்த எடுப்பில் நம் தெருவிலேயே டிரைவர் என்ன செய்தான் என்றுதான் கேட்டார்கள், எனக்கு ஆறவே இல்லை. கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை விழுந்திருந்தது, தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயின்ட் மட்டும் சரக்கு வண்டி நின்ற பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. ஓட்டுகிறவனுக்குப் பச்சைதான் தெரியும், சிக்னல் பெட்டிக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று அவன் எப்படிப் பார்ப்பான்? கிட்டத்தட்ட 290 உயிர். முந்தின வருஷம் அதே கரக்பூர் டிவிஷனில் இன்னொரு ஸ்டேஷனில் இதே மாதிரி வயரிங் கோளாறு வந்திருக்கிறது, அப்போதே பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று விசாரணை அறிக்கையே சொல்லிவிட்டது.

1979இல் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தை நீதான் எனக்குச் சொன்னாய். வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது, கன்ட்ரோல் ரூமில் அதற்கான விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. 'மூடு' என்ற உத்தரவு போனதைத்தான் அந்த விளக்கு காட்டும், வால்வு மூடியதை இல்லை என்று பேப்பரில் வரைந்து காட்டினாயே, அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை! அதற்கு முன்பே 1977இல் டேவிஸ்-பெஸ்ஸி என்ற இன்னொரு அணுமின் நிலையத்தில் அதே மாதிரி வால்வு மாட்டியது, அந்தச் சேதி த்ரீ மைல் ஐலண்ட்காரர்களுக்குச் சேரவில்லை என்றும் சொன்னாய். இதெல்லாம் தெரிந்த பிள்ளை நீ.

உங்கள் வேலையில் மனுஷன் ஆயிரத்துக்கு மூன்று தடவை தவறுவான் என்று அட்டவணை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள், பதற்றம் இருந்தால் அதைப் பெருக்கவும் செய்கிறீர்கள். விடாமல் நைட் பார்க்கிறவனுக்கு எத்தனையால் பெருக்கினீர்கள்? ரயில் எஞ்சினில் டிரைவர் ஒரு நிமிஷம் எதையும் தொடாவிட்டால் விளக்கு எரியும், அப்புறம் சத்தம் வரும், அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும். கண் செருகியிருக்கும்போதே கை போய் அந்தப் பட்டனை அழுத்திவிடும், வண்டியில் போகிற ரன்னிங் ஸ்டாஃப் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தூங்கு என்கிறேன். லீவு கேள். ஆள் இல்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேள்.

யாராவது ஏதாவது தாளில் கையெழுத்து கேட்டால், கேட்டால் என்றுதான் சொல்கிறேன், உடனே போடாதே. அலாரம் எத்தனை மணிக்கு அடித்தது, திரையில் என்ன காட்டியது, முன்னால் எப்போது யாரிடம் இதைச் சொன்னாய், எல்லாவற்றையும் மறப்பதற்குள் உன் கையால் எழுதி வை. தூங்கி எழுந்து எழுது.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு வர முடியாவிட்டால் நானே கிளம்பி வருகிறேன், டிக்கெட் பார்த்துவிட்டேன்.

அப்பா