கிணறு மட்டும் பொதுவில்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு மூட்டு வலி அதிகமாகிவிட்டதால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பாப்பா கல்லூரியில் சேர்ந்த சேதியைச் சொன்னேன், அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அவள் லேப்டாப்பில் விண்டோஸை வைத்துக்கொண்டே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நீயே போடப்போவதாக எழுதியிருந்தாய். போடு. ஆனால் அதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடு. 2014-இல் ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவும்படி கொடுத்துவிட்டேன். அப்பாவின் கடைசித் திருவிழாப் படங்கள் அதில்தான் இருந்தன. அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக் நிரலைப் போட்டு நாலு நாள் தோண்டினேன். கொஞ்சம் படங்கள் வந்தன, ஃபைல் பெயர்கூட இல்லாமல். அப்பா தேர் வடம் பிடித்த படம் வரவேயில்லை.

அதற்கப்புறம் எந்த மெஷினையும் மூன்று பங்காகத்தான் பிரிக்கிறேன். நம் ஊர் பாகப் பத்திரத்தில் அண்ணனுக்கு மேல்பங்கு, தம்பிக்குக் கீழ்பங்கு, கிணறு மட்டும் பொது என்று எழுதுவார்களே, அதே கணக்கு. அவள் லேப்டாப்பின் 512 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். விண்டோஸுக்கு 200, உபுண்டுவுக்கு 60, மீதியெல்லாம் கிணறு. அதை என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையில் ஃபார்மட் செய், இரண்டு பக்கமும் படிக்கும், எழுதும். நாளைக்கு எந்தப் பங்கை அழித்துத் திரும்பப் போட்டாலும் படங்களும் பாடங்களும் தப்பிக்கும். அவள் எழுதும் புரோகிராம்களை மட்டும் உபுண்டு பங்கிலேயே வைக்கச் சொல். யார் எந்த ஃபைலைப் படிக்கலாம், எழுதலாம் என்று லினக்ஸ் வைக்கும் அனுமதிகள் என்டிஎஃப்எஸ்ஸில் சரியாகத் தங்காது.

சி டிரைவை விண்டோஸுக்குள்ளிருந்தே, டிஸ்க் மேனேஜ்மென்டில் சுருக்கு. இடம் நிறைய இருந்தும் சுருங்க மறுக்கும். விண்டோஸ் தன் தேவைக்கு வைத்திருக்கும் ஹைபர்நேட் ஃபைல், பேஜ் ஃபைல், ரெஸ்டோர் பாயின்ட் எல்லாம் நகர்த்த முடியாதபடி நடுவில் கிடப்பதுதான் காரணம். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயன்று பார். புது லேப்டாப் என்பதால் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு தானாகவே விழுந்திருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடு.

நாம் ஹாஸ்டலில் நாலு பிரைமரி பங்குக்கு மேல் போட முடியாமல் விடிய விடியத் தவித்தோமே, அது எம்பிஆர் என்ற பழைய பங்குப் பட்டியலின் காலம். இப்போது இருப்பது ஜிபிடி என்ற புதுப் பட்டியல், 128 பங்கு வரை தாங்கும். அந்தக் கவலை வேண்டாம்.

உபுண்டு நிறுவும்போது தானியங்கி வழியை நம்பாதே, பங்குகளை நீயே கையால் காட்டு. இஎஃப்ஐ என்று ஒரு குட்டிப் பங்கு இருக்கும், பெரும்பாலும் 100 முதல் 300 எம்பிக்குள், ஃபேட்32 வகை. அதன் எதிரே ஃபார்மட் குறி விழவே கூடாது. விண்டோஸ் எழுந்திருக்கும் வழி அதற்குள்தான் இருக்கிறது. உபுண்டுவை எழுப்பும் கிரப் நிரலும் அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடு. இல்லாவிட்டால் ஷட்டவுன் செய்தாலும் அது அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், உபுண்டுவிலிருந்து கிணற்றில் எதையும் எழுத முடியாமல் போகும். இன்னொன்று, உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை 9 மணி 3.30 ஆகத் தெரியும். பயப்படாதே. லினக்ஸ் மெஷின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே கட்டளையில் சரியாகிவிடும், போனில் சொல்கிறேன்.

கடைசியாக நிறுவு என்று அழுத்தும் முன்னால் என்னைக் கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி, இருவரும் சேர்ந்தே திரையைப் படிப்போம்.

நகல் எடுக்கும்போது உன் பழைய போனையும் ஒரு தடவை தேடிப் பார், மாப்ள. அந்த வருஷத் தேருக்கு நீயும் வந்திருந்தாய். வடத்துப் பக்கம் எடுத்த படம் ஏதாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

உன்,
ஹாஸ்டல் அறைக்காரன்