தரை வேறு, மிஷின் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் பழைய வீட்டுச் சாமான்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நாற்பது வருடம் மோட்டார் காயில் கட்டியவன் நான். கைப்பிடியோடு நிமிர்ந்து நிற்கும் வாக்குவம் கிளீனர் பழசு, தரையில் கிடக்கும் உருளை வகை அதன் வளர்ச்சி என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் வேறு வேறு தரைக்காகச் செய்தவை.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்பாங்லர். பெருக்கும் தூசியில் அவருக்கு இழுப்பு வந்துவிடும். அந்த அவஸ்தையில் தானே ஒரு நிற்கும் மிஷின் செய்து 1908இல் காப்புரிமை வாங்கினார். தோல் சாமான் வியாபாரம் செய்த ஹூவர் அதை விலைக்கு வாங்கித் தயாரித்தார். கம்பளத்துக்குள் இறங்கிய மண் வெறுமனே உறிஞ்சினால் வராது. சுழலும் பிரஷ் தட்டிக் கிளப்ப வேண்டும். அந்த பிரஷை பெல்ட் போட்டுச் சுற்றுவதால் மோட்டார் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தது, பை மேலே தொங்கியது.

ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் 1921இல் கொண்டுவந்தது சறுக்குக் கட்டைமேல் இழுபடும் உருளை. மரத்தரைக்கும் கட்டிலடிக்கும் அதன் நீளக் குழாய்தான் சரி. நம் நாட்டில் 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனியில் அப்போது எலக்ட்ரோலக்ஸும் கூட்டு. நம் மொசைக் தரைக்கு வந்தது அந்தக் கிடக்கும் வகை என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒருமுறை, மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று ஒருவர் நிற்கும் மிஷின் ஒன்றைக் கடைக்குத் தூக்கி வந்தார். அடித்தகட்டில் 120 வோல்ட் என்று பொறித்திருந்தது. வீட்டில் 230இல் செருகியிருக்கிறார்கள். திறந்ததுமே வார்னிஷ் எரிந்த வாடை. மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் முழுக்கக் கருப்பு. பிரஷ் உருளையில் கோரைப்பாய் நார் கயிறு மாதிரி முறுக்கி இறுகிக் கிடந்தது. பிளேடு போட்டு அறுத்தெடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் கம்பியை மெல்லிசாக்கி, சுற்றைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கி, 230க்குக் கட்டிக் கொடுத்தேன். பாய்மேல் மட்டும் ஓட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

கட்டுரையில் போட்ட படமும் அதே மாதிரி நிற்கும் வகைதான். எந்த நாட்டில் செய்தது, எத்தனை வோல்ட் என்று ஒரு வரி இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு, பரணில் கிடப்பதை இறக்கிச் செருகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். அடித்தகட்டை முதலில் படிக்கச் சொல்லி அடுத்த ஞாயிறு ஒரு குறிப்பு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்,
கோவை.