தலையில் அடிபட்ட பிள்ளையை இருட்டறையில் அடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் பல வருடமாகப் படிப்பவன் நான். ஒரு வீரருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தால் படம் போட்டு விளக்குகிறீர்கள். தலையில் அடி என்றால் மட்டும் 'ஓய்வில் இருக்கிறார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த 'ஓய்வு' எங்கள் வீட்டை என்ன பாடு படுத்தியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு 15 வயது, ஃபுட்பால் கோல்கீப்பர். பந்தைப் பாய்ந்து பிடிக்கும்போது எதிரணிப் பெண்ணின் முட்டி நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்தாள், கிளவுஸைத் தட்டிக்கொண்டாள், மீதி 20 நிமிடமும் ஆடினாள். ராத்திரி வாந்தி எடுத்த பிறகுதான், அடிபட்டதிலிருந்தே பந்து இரண்டிரண்டாகத் தெரிந்தது என்று சொன்னாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "மாத்து கீப்பர் பயந்து அழுதுட்டு இருந்தாப்பா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் 'அடிபட்டாலும் விடமாட்டாள் என் பொண்ணு' என்று நானே எத்தனை தடவை சொந்தக்காரர்களிடம் பெருமையடித்திருக்கிறேன், அதையெல்லாம் அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கி ஏற்படும் பாதிப்பு, பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது, ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் பார்த்த டாக்டர் முழு ஓய்வு என்றார். நாங்களும் ஒரு படி மேலே போய் திரைச்சீலையை இழுத்துவிட்டு, செல்போனைப் பிடுங்கி வைத்து, தோழிகள் யாரும் வரவேண்டாம் என்று சொல்லி இரண்டு வாரம் அறைக்குள்ளேயே வைத்திருந்தோம். என் மனைவி காலையும் மாலையும் "தலைவலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு நோட்டில் எழுதுவாள். நாலு, நாலு, ஐந்து, ஆறு. எண் ஏறிக்கொண்டே போனது. லேசாகத் தலை கனத்தாலே மூளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மகள் அழ ஆரம்பித்தாள். அதே மாதம் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட இன்னொரு பெண் கட்டோடு பெஞ்சில் டீமோடுதான் உட்கார்ந்திருந்தாள், கட்டு முழுக்க எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. என் மகளைத் தேடி வந்தது கோச்சின் ஒரே ஒரு மெசேஜ்: "சனிக்கிழமை ஃபைனல், பாதி நேரமாவது வர முடியுமா?"

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முதலில் திரையைத் திறக்கச் சொன்னார். முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலையைக் குறைத்து ஓய்வு, போனும் டிவியும் கம்மி, அவ்வளவுதான். அப்புறம் நடக்கவேண்டும், சைக்கிளை மெதுவாக மிதிக்கவேண்டும். வலி பத்துக்கு இரண்டு புள்ளிவரை ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம் என்றார். இது அவர் சொந்தமாகச் சொன்னதில்லை, 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக நிபுணர்களின் வழிகாட்டுதலே இதுதான். 2015-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு சொல்லப்பட்ட பிள்ளைகள், ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். அதைப் படித்தபோது அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இதை வெளியே சொன்னால் உடனே "அப்போ எல்லாம் மனசுதானா, நடிக்கிறாளா?" என்கிறார்கள். இல்லை சார். அடி நிஜம், வலியும் நிஜம். ஆனால் மூளை ஆறுகிற நாட்களில் தூக்கம் கெடுவதும், பயமும், தனிமையும், டீமில் நம் இடம் போய்விட்டதோ என்ற கவலையும் அதே தலைக்குள்தான் நடக்கிறது. முன்பே பதற்றமோ மனச்சோர்வோ ஒற்றைத் தலைவலியோ இருக்கும் பிள்ளைகளுக்குக் குணமாக நாள் பிடிக்கலாம் என்று டாக்டர்களுக்குத் தெரியும், ஆனால் எங்களிடம் முதல் நாள் யாரும் அதைக் கேட்கவே இல்லை. சிறுவர்களுக்கு நாலு வாரம்வரை ஆவது சகஜம். அதைத் தாண்டினால் கழுத்து, கண், தூக்கம் எல்லாவற்றோடும் மனதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், மனநல ஆலோசனையும் அந்தச் சிகிச்சையில் ஒரு பகுதிதான். எட்டு வயதிலிருந்து 'கோல்கீப்பர்' என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிற பிள்ளையிடமிருந்து அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டு, சும்மா படு, சரியாகிவிடும் என்றால் எப்படி?

அதற்காக உடனே களத்தில் இறக்கச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அதில் பேச்சே கிடையாது. 2019 லார்ட்ஸ் டெஸ்டில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்னில் இருந்தபோது பவுன்சரில் அடிபட்டார், போனார், திரும்பி வந்து 92 வரை ஆடினார். தொந்தரவு தெரிந்தது மறுநாள்தான். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். உலகமே பார்க்க, டாக்டர்கள் கூடவே இருக்க, அங்கேயே அப்படி என்றால், வாந்தி வரும்வரை வாயே திறக்காத 15 வயதுப் பெண்ணை என்ன சொல்வது?

மூன்றாவது வாரத்திலிருந்து அவள் மைதானத்துக்குப் போனாள், ஆடுவதற்கு இல்லை. ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதினாள், மாற்று கீப்பருக்கு எங்கே நிற்கணும் என்று கத்திக் கத்திச் சொன்னாள். பள்ளிக்கு முதலில் அரை நாள், பிறகு முழு நாள். அதன் பின் ஓட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி, டாக்டர் சரி என்ற பிறகுதான் மோதல் உள்ள பயிற்சி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். நோட்டை என் மனைவியே பரணில் போட்டுவிட்டாள். ஏழாவது வாரம் மறுபடி கோல் முன்னால் நின்றாள்.

இனி யாராவது வீரர் 'ஓய்வில் இருக்கிறார்' என்று எழுதும்போது, என்றைக்கு அடிபட்டது, இப்போது எந்தப் படியில் இருக்கிறார், டீமோடு இருக்கிறாரா என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். என் மகள் காலையில் பேப்பரை எடுத்தால் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு கோல்கீப்பரின் அப்பா