ஒரு வாரம் போதுமாமே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காவல்துறை பற்றிய தங்கள் தலையங்கத்தில், மாறிவரும் காலத்துக்குக் "காவலர்களுக்கு ஒரு வாரக் கணினிப் பயிற்சி போதும்" என்று எழுதியிருந்தீர்கள். தட்டச்சு கீழ்நிலைத் தேர்வுக்கே ஆறு மாதம் உட்கார வேண்டியிருக்கிறதே ஐயா!

நிலையங்களில் கணினி இல்லாமல் இல்லை. எஃப்.ஐ.ஆர் பல வருடங்களாகக் கணினியில்தான் ஏறுகிறது. வராமல் இருப்பது மின்னணுத் தடயத்தைக் கையாளும் பயிற்சி. கைப்பற்றும் செல்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் போனை அணைக்கக் கூடாது. அணைத்துவிட்டால் மறுபடி கடவுச்சொல் கேட்கும். அது கிடைக்காவிட்டால் தடய அறிவியல் கூடத்திலும் பல போன்களுக்குக் கையை விரித்துவிடுவார்கள். ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையும் புளூடூத்தும் நிஜமாகவே அணைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ இருக்கும் கூட்டாளி உள்ளதையெல்லாம் அழித்துவிடுவான். இரண்டு சிம் போனுக்கு ஐ.எம்.இ.ஐ எனப்படும் அடையாள எண்ணும் இரண்டு. கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் மகஜரில் இரண்டும் வர வேண்டும். ஆனால் நடப்பது என்ன? பிடித்த வேகத்தில் ஏட்டு முதல் அதிகாரி வரை வாட்ஸ்அப்பைத் திறந்து தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். மகஜர் நேரத்துக்குப் பிறகு போன் இயக்கப்பட்டதற்கான தடம் போனிலேயே இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்று போதாதா?

சிசிடிவி கதையும் இதுதான். காட்சியைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர் பெட்டியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுவது அபூர்வம். எத்தனை நிமிடம் முந்துகிறது, பிந்துகிறது என்று அங்கேயே குறித்தால்தான் காட்சிக்கு மதிப்பு. டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேல் புதியது பதிவாகும். பல கடைகளில் பதிவு நிற்பது 15 நாள், மிஞ்சினால் ஒரு மாதம். இத்தகைய மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும், இரண்டாவதை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு என்ற குறியீடும் வேண்டும். அந்த நிபுணர் எந்த ஊரில் இருக்கிறார், எப்போது வருவார் என்பதெல்லாம் தலையங்கம் எழுதுவோருக்குத் தெரிந்திருக்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 78ஆம் பிரிவின்படி அந்தச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். அவரோ கோயில் திருவிழா பந்தோபஸ்தில் நிற்கிறார். சட்டம் ஒழுங்கையும் புலனாய்வையும் பிரியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது 2006இல். அதற்கு நீங்கள் எத்தனை தலையங்கம் எழுதினீர்கள்?

சமூகம் மாறியது என்றால் போன் மட்டுமா மாறியது? திருப்பூரில் ஒடியாவோ வங்காளமோ பேசும் தொழிலாளி புகார் சொல்ல வந்தால், மொழிபெயர்க்கக் கூப்பிடுவது அவரை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரியை. சம்பளம் கொடுக்காதவரே அந்த மேஸ்திரி என்றால் வாக்குமூலத்தில் என்ன இருக்கும்? ஆளெடுப்பில் நாம் கேட்பது என்னவோ 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுவாரா என்பதைத்தான். ஓடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னொரு மொழியில் நாலு கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கும் இரண்டு மதிப்பெண் கொடுங்களேன்.

தங்களிடம் கேட்பது சின்ன விஷயம். ஆன்லைனில் பணம் போனவர்கள் மறுநாள் வெள்ளைத்தாளில் மனுவோடு நிலையத்துக்கு வருகிறார்கள். அதற்குள் பணம் நாலைந்து கணக்குத் தாண்டி, ஏ.டி.எம்மில் ரொக்கமாக வெளியே போயிருக்கும். பணம் போன நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழைத்து, தொகை, நேரம், வங்கியின் பரிவர்த்தனை எண் (யு.பி.ஐ என்றால் 12 இலக்கம்) மூன்றையும் சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சமிருப்பதை நிறுத்திவைக்க வழியுண்டு. ராசிபலனுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதன் அடியில் இதை இரண்டு வரியாக, வாராவாரம், கட்டம் கட்டிப் போட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர்,
திருப்பூர்