தவணை நிறைவுக் கடிதம்: டீச்சரின் குரல் பற்றியும் பிள்ளைகளின் குரல் பற்றியும்

அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம்.

தவணை முடியப்போகிறது. பிள்ளைகள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். குறுக்கோட்டத்தில் ஓடினார்கள், கதை சொல்லும் போட்டியில் பரிசு வாங்கினார்கள், நூலக வாரமும் அறிவியல் வாரமும் சிறப்பாக நடந்தன. பள்ளித் தோட்டத்து வெண்டைக்காய் சிற்றுண்டிச்சாலைக் குழம்புக்கே போனது. உழைத்த ஆசிரியர்களுக்கும் துணை நின்ற பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் நன்றி. விடுமுறைத் தேதிகள் தனிச் சுற்றறிக்கையில் வரும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியையைப் பற்றி ஒரு மாதமாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓடும் பேச்சு என் காதுக்கும் வந்தது. டீச்சர் வாயே திறப்பதில்லை, மைக் வைத்துப் பேச வகுப்பறை என்ன மேடையா, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாராம் என்றெல்லாம். அக்கறையால் கேட்டவர்கள் பலர். பதில் சொல்லாமல் இருந்தது என் தவறு. அவருடைய சம்மதத்தோடு நடந்ததைச் சொல்கிறேன்.

தைப்பூசம் முடிந்து பள்ளி திறந்தபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. தண்ணீர்மலைக்குப் போய் "வேல் வேல்" என்று முழங்கிவிட்டு வந்த பாதிப் பள்ளிக்கு அந்த வாரம் குரல் கம்மித்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. அவருக்கு ஆகவில்லை. காலை முதல் பாடத்தில் ஓரளவு வரும் குரல், பதினொன்றரை மணிக்குள் வெறும் காற்றாகிவிடும். தேன், மிளகுப்பால், பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தார். சளி மருந்தும் வாங்கிச் சாப்பிட்டார். ஏழாவது வாரம்தான் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனார்.

மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுக் குரல்வளையைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படத்தை எனக்கும் காட்டினார். முப்பது வருடம் குரலை வைத்தே பிழைத்தவன் நான், அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். குரல் நாண்கள் என்ற இரண்டு வெள்ளை நாடாக்கள், கவட்டை போல விரிந்து நிற்கின்றன. மூச்சு விடும்போது திறக்கின்றன, பேசும்போது சேர்ந்து அதிர்கின்றன. ஒரு பெண் சாதாரணமாகப் பேசினாலே விநாடிக்கு ஏறக்குறைய 200 தடவை இரண்டும் மோதிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் விடாமல் குரல் கொடுத்தால் 7 லட்சம் தடவைக்கு மேல். குரலை உயர்த்த உயர்த்த மோதலும் பலமாகும்.

மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு வருமே, அதே காய்ப்புதான் அவருடைய குரல் நாண்களில் வந்திருந்தது. இரண்டு பக்கமும் எதிரெதிரே, அரிசி நுனி அளவில் ஒவ்வொரு முடிச்சு. அந்த முடிச்சு இடிப்பதால் நாண்கள் முழுவதும் மூடுவதில்லை, இடுக்கில் காற்று கசிகிறது. குரல் வரவில்லையே என்று அவர் இன்னும் அழுத்திப் பேச, முடிச்சு இன்னும் தடிக்கிறது. வகுப்பு வாசல்வரை கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி வந்த காயம் இது. ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் அதிகம் வருவது.

இதற்கு முதல் சிகிச்சை அறுவை இல்லை. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பழையபடி கத்தினால், முடிச்சும் மறுபடி வரும். அதனால் பேச்சு சிகிச்சை நிபுணரிடம் அனுப்பி, குரலைப் பயன்படுத்தும் விதத்தையே மாற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஆசிரியர் அறைக்குள் போனால் அவர் பாதித் தண்ணீர் ஊற்றிய போத்தலில் ஸ்ட்ரோவை விட்டு 'ஊ' என்று மெல்ல ஊதிக்கொண்டிருப்பார். தண்ணீர் குமிழியிடும். வெளியே போகும் காற்றுக்குத் தண்ணீர் கொஞ்சம் தடை தருவதால் நாண்கள் பலமாக மோதாமல் இதமாக அதிரும், அதுதான் பயிற்சி. அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். செருமக்கூடாது, செருமினால் நாண்கள் பட்டென்று அடித்துக்கொள்ளும். கிசுகிசு என்று பேசுவது ஓய்வு என்று நானும் நினைத்திருந்தேன். அழுத்திக் கிசுகிசுத்தால் அதுவும் சிரமம்தானாம். ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதும் கூடாது. வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைப் புண்ணாக்கும்.

இடுப்பில் கட்டும் மைக்கும் மேசை மணியும் அவர் தானாகச் செய்துகொண்ட வசதிகள் இல்லை, சிகிச்சையின் பகுதி. கால் உடைந்தவர் ஊன்றுகோல் வைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

சென்ற வாரம் ஒரு தந்தை அலுவலக வாசலில் நின்று, பேசுவதற்குத்தானே சம்பளம் என்று அந்த ஆசிரியையின் முகத்துக்கு நேரே கத்தினார். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், சத்தம் வரவில்லை. ஐந்தாறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி இதை நான் அனுமதிக்க மாட்டேன். குறை இருந்தால் என் அறைக்கு வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். ஆசிரியர்களைப் பிள்ளைகள் முன்னால் அதட்டுபவர்கள் பள்ளி வளாகத்துக்குள் வர அனுமதி கிடையாது. அவரை மாற்றச் சொல்லி வந்த குரல் பதிவுகளையும் கேட்டேன். மாற்றப்போவதில்லை.

கோபத்தில் நிறுத்த விரும்பவில்லை. ஏனென்றால் இது டீச்சரோடு முடியும் விஷயம் இல்லை.

நான்காம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு இரண்டு மாதமாகக் குரல் கரகரவென்று இருந்தது. ஆம்பளைக் குரல் வருகிறது என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். பத்து வயதில் குரல் உடைவது அபூர்வம், பெரும்பாலும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல்தான். அவருக்கும் இருந்தது அதே முடிச்சு. திடலில் கத்தி விளையாடும் பிள்ளைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு, இது சகஜமாக வரும். பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. குரல் பயிற்சியில் குறையும், வளர வளரக் குரல்வளை பெரிதாகும்போது பலருக்குத் தானாகவே மறையும். ஆனால் முடிச்சுதான் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கரகரப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால், மூச்சுத் திணறினால், எச்சில்கூட விழுங்க முடியாவிட்டால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பாட்டி வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அதிமதுரம் உண்டு. ஆனால் விழுங்குவதெல்லாம் உணவுக்குழாய் வழியாகப் போய்விடும், குரல் நாணைத் தொடாது. தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். சளியோடு வரும் தொண்டைக்கட்டு பெரும்பாலும் வைரஸால் வருவது. ஓய்வும் தண்ணீரும் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும், அதற்கு ஆண்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள்.

மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லையா, காட்டிவிடுங்கள். இது பிள்ளைகளைவிட உங்களுக்குத்தான். அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், அங்கிருந்து நிபுணருக்கு எழுதிக்கொடுப்பார்கள். என் பெரியப்பா பட்டர்வொர்த்தில் மூட்டை தூக்கியவர், நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட். எட்டு மாதம் குரல் கம்மியிருந்தது. சளி சளி என்றே தள்ளிப்போட்டார். குரல்வளைப் புற்றுநோய். ஆரம்பத்திலேயே போயிருந்தால் கதிர்வீச்சு அல்லது சின்ன அறுவையோடு குரலைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். போனது தாமதம், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. தாடைக்குக் கீழே சின்னக் கருவியை அழுத்திக்கொண்டு, இயந்திரம் பேசுவது போல "சாப்பிட்டியாய்யா" என்று கேட்பார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. புகைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

சரி, உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பள்ளி விடும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி ஹார்ன் அடித்து, சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெயர் சொல்லிக் கத்த வேண்டாம். இறங்கி வாசலுக்கு வாருங்கள். இருபது பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, வாசலில் நிற்கும் ஆசிரியர் அதற்கும் மேலே கத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் சமையலறையிலிருந்து மாடிக்குக் குரல் கொடுப்பதற்குப் பதில் கிட்டப் போய்ப் பேசுங்கள். பிள்ளைகளும் அதையே பழகுவார்கள். போட்டிக்குப் பயிற்சி கொடுக்கும்போது "இன்னும் சத்தமா" என்று விரட்டாதீர்கள். தெளிவுக்குத்தான் புள்ளி. அப்புறம், தண்ணீர்ப் போத்தலில் சிராப் வேண்டாம், தண்ணீரே அனுப்புங்கள்.

புலனக் குழுவில் டீச்சருக்காக முதலில் பேசிய தாய்மார்களுக்கு என் மனமார்ந்த நன்றி. கேட்காமலேயே இன்னும் இரண்டு மைக் வாங்கித் தந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும், தினமும் வெந்நீர்ப் பிளாஸ்க் நிரப்பி ஆசிரியர் அறைக்கு அனுப்பும் சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கும் நன்றி. அன்று கத்திய அந்தத் தந்தை மறுநாளே வந்து டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். அதையும் இங்கே எழுதுவதுதான் நியாயம்.

சென்ற செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஆண்டு வகுப்பைக் கடந்து போனேன். மைக் மேசைமேல் இருந்தது. டீச்சர் தன் சொந்தக் குரலில், மெதுவாக, வருகைப் பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அதே மெல்லிய குரலில் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். கடைசிப் பெயர்வரை ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பினாங்கு